மார்க்கர் லிகோரி அடித்த சிவப்புப் பந்து

மார்ச் மாதம் பதினோராம் தேதி மாலை நாலு இருபதுக்கு, துறைமுகத்து ஐக்கிய கிளப்பின் பெரிய மேசையில், மார்க்கர் லிகோரி மச்சாது அடித்த வெள்ளைப் பந்து சிவப்புப் பந்தை இடித்துவிட்டு இடித்த இடத்திலேயே நின்றது, சிவப்புப் பந்து மூலைப் பையை நோக்கி ஓடியது, பையின் வாய்க்கு அது போய்ச் சேர்வதற்குள் லிகோரி மேசை விளிம்பைப் பிடித்தபடி, பூசையில் மணி அடித்ததும் முழங்காலிடுகிறவரைப் போல அவசரமில்லாமல் முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, அறுபத்தோராவது வயதில் செத்துப்போனார். பந்து பைக்குள் விழவில்லை. வாயோரத்தைத் தொட்டுத் திரும்பி அடுத்த விளிம்புக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த விளிம்புக்கு. வராந்தாவில் இருந்தவர்கள் ஓடிவந்து, டாக்டர் பால்துரை நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கி, முப்பத்துநாலு வருடம் பின்வாசல் வழியாகவே வந்துபோன மனிதரை நாலு பேராகத் தூக்கி முன்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அடக்கம் முடிந்து வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“பந்து இன்னும் ஓடுது வே” என்றார் டாக்டர்.

“ஓடட்டும். நிக்கிறதுக்கு முன்னால தொட்டா ஃபவுல்” என்றார் கிளப் செயலாளர் வக்கீல் குற்றாலிங்கம். அவர் எதற்கும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

அந்தக் கிளப்பில் மார்க்கருக்கு இரண்டு வேலை. மேசைத் துணியைத் துலக்கி, கோல் நுனிகளில் சாக்கட்டி தேய்த்து, யார் ஆடினாலும் ஓரமாக நின்று பாயிண்டை உரக்கச் சொல்வது ஒன்று. துணையில்லாமல் வரும் மெம்பரோடு ஆடித் தோற்பது இன்னொன்று. இரண்டாவது வேலையை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மெம்பரைத் தோற்கடித்த மார்க்கர் மறுவாரம் வேலையில் இருந்ததாக ஞாபகம் உள்ளவர்கள் யாரும் இல்லை. லிகோரி முப்பத்துநாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

அவருடைய காதில் விழும்படியாகத்தான் மெம்பர்கள் தினமும் ஆறு மணிக்குப் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்து, பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் என்ற மூன்று ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கிளப் கண்ட பெரிய ஆட்டக்காரன் யார் என்று சண்டை போட்டார்கள். வருடாவருடம் மூன்று ஆட்டக் கேடயம் என்று ஒன்று கொடுத்து, ஜெயித்தவர் பெயரைத் தேக்குப் பலகையில் பொன்னிறத்தில் எழுதினார்கள். கடைசிப் பத்தொன்பது வரியிலும் உப்பள முதலாளி தனுஷ்கோடி என்ற ஒரே பெயர்தான் இருந்தது. ஆனாலும் சண்டை ஓயவில்லை.

“ஹார்க்ரீவ்ஸ் தொரைக்கு அப்புறம் பில்லியர்ட்ஸ்ல ஒருத்தன் பொறக்கல.”

“தொர பூல் ஆடிப் பாத்தீரா? சும்மா தாத்தா சொன்ன கதையெல்லாம் அடிச்சு விடாதயும்.”

“அத விடும். நேத்து நான் லிகோரிய இருவத்தஞ்சு பாயிண்ட்ல கவுத்தேன். தெரியுமா?”

“இருவத்தஞ்சுதானா? நான் நாப்பது. லிகோரி, சொல்லுய்யா.”

காப்பித் தட்டோடு நிற்கும் லிகோரி, “ஆமா சார், நாப்பது” என்பார்.

“அப்ப டாக்டரு இருவத்தஞ்சுன்னாரே?”

“அதுவும் ஆமா சார்.”

எல்லோரும் சிரிப்பார்கள். லிகோரியை எத்தனை பாயிண்டில் ஜெயித்தோம் என்பதுதான் அந்தக் கிளப்பில் ஒரு மனிதனின் உயரம். மரம் அளக்கிறவன் கையில் முழக்கோல் இருப்பது போல அவர்களுக்கு லிகோரி இருந்தார்.

செத்த அன்று அவரோடு ஆடிக்கொண்டிருந்தவர் தனுஷ்கோடி. அறையில் வேறு யாரும் இல்லை. நூறு பாயிண்ட் ஆட்டம், இருவரும் தொண்ணூற்றேழு. சிவப்பு பையில் விழுந்தால் மூன்று பாயிண்ட், லிகோரி ஜெயித்தவர். விழாமல் மேசையில் நின்றால் முறை தனுஷ்கோடிக்கு வரும், வழக்கம் போல லிகோரி தோற்பார். அது விழவும் இல்லை, நிற்கவும் இல்லை.

அன்று காலையில் நடந்த ஒரு விஷயம் லிகோரியின் மகள் ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு இருபத்தொன்பது வயது, இறால் கம்பெனியில் தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். முதல்நாள் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தகப்பனாருக்கு என்ன வேலை என்று கேட்டதற்குத் தரகர், “கிளப்புல தோக்குற வேல” என்று சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்திருக்கிறார்கள், லிகோரியும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. காலையில் அவருக்குப் பழைய சோற்றை எடுத்து வைத்துவிட்டு, “ஆயுசுல ஒருநாளாச்சும் ஜெயிச்சிட்டு இந்த வாசப்படி ஏறுங்க. இல்லன்னா ஏறாதீங்க” என்று சொன்னாள். அவர் சாப்பிட்டு, வட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவரைத் தூக்கித்தான் வாசற்படி ஏற்றினார்கள்.

பந்து ஓடத் தொடங்கிய முதல் வாரம் கிளப்பில் கொஞ்சம் சங்கடம் இருந்தது, அதுவும் இருப்பது ஒரே பெரிய மேசை என்பதால். செயலாளர், “ஆட்டம் நடக்கிறது, மேசையில் கை வைக்க வேண்டாம்” என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ரசமட்டத்தோடும் ஸ்டாப்வாட்சோடும் வந்து, மூன்று நாள் குனிந்து பார்த்து, மேசை மட்டமாகத்தான் இருக்கிறது, பந்தும் தந்தத்துக்குப் பதிலாக வந்த சாதாரணப் பந்துதான், நிற்க வேண்டும், ஆனால் நிற்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பங்குச் சாமியார் வந்து பார்த்து, ஜெபம் எதுவும் சொல்லாமல், இறந்தவர் பெயரில் ஒரு பூசை வைக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காற்று பந்தைத் தள்ளிவிடக் கூடாதென்று விசிறியை நிறுத்தினார்கள். ஏப்ரல் வெயிலில் மெம்பர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்று பார்த்தார்கள்.

இரண்டாவது மாதத்தில் அது ஊருக்குப் பழகிவிட்டது. விளிம்பில் பந்து முட்டும் சத்தம் சீராக வருவதால் பக்கத்துத் தெருப் பெண்கள் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளப் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று தூங்க வைத்தார்கள். பந்து கடல் பக்கத்துப் பைக்கு அருகே அடிக்கடி போகிற நாளில் காற்று மாறும் என்று ஒருவர் சொல்ல, உப்பளத்துக் கங்காணிகள் காலையில் வந்து பார்த்துவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் திறந்தார்கள். வல்லத்தில் கடலுக்குப் போகும் மீனவர்களும் வந்தார்கள். முதலில் பின்வாசல் வழியாக வந்தார்கள், கூட்டம் கூடியதும் செயலாளர் முன்வாசலைத் திறந்துவிட்டார், நூறு வருடத்தில் மெம்பர் அல்லாதவர் மிதிக்காத சிவப்புக் கம்பளத்தில் உப்பில் வெடித்த கால்கள் நடந்தன, இரண்டு நாள் முணுமுணுத்த பழைய மெம்பர்கள் மூன்றாம் நாள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். வாசலில் சர்பத் வண்டி ஒன்று நிரந்தரமாக நின்றது. பச்சைத் துணியில் பந்து ஓடிய தடங்கள் வெளிறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு விழுந்து, பார்க்கிறவர்களுக்குத் தாங்கள் விரும்பியதெல்லாம் அதில் தெரிந்தது. பந்து ஒவ்வொரு பையின் வாய்க்கும் போகும்போது கூட்டம் மூச்சைப் பிடிக்கும். அது ஒதுங்கிப் போனதும் மூச்சை விடும். நாளொன்றுக்கு இப்படி எத்தனை முறை என்று யாருக்கும் தெரியாது.

மே மாதக் கடைசியில், மேசை இல்லாததால் வெறும் பேச்சாகவே போன ஒரு மாலையில், வாக்குவாதம் மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. அன்று பேச்சில் உறைப்பு இல்லை. டாக்டர் பால்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “இனிமே பொய் சொல்லி என்ன ஆவப்போவுது. நான் லிகோரிய இருவத்தஞ்சுல ஜெயிச்சதே இல்ல. மூணு பாயிண்ட்லதான் ஜெயிச்சேன்” என்றார்.

“என்னைக்கி?”

“என்னைக்குமே. நூறுக்குத் தொண்ணூத்தேழு. அதச் சொன்னா கேவலமா இருக்குமேன்னு கூட்டிச் சொல்லுவேன்.”

செயலாளர் காப்பியைக் கீழே வைத்தார். “எனக்கும் மூணுதான் வே.”

“ஒமக்கும் மூணா? நீரு கோல வெளக்குமாறு மாதிரில்லா பிடிப்பீரு?”

“அதத்தான் வே நானும் யோசிக்கேன்.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பில்லியர்ட்ஸ் என்றால் மூன்று பாயிண்ட். ஸ்னூக்கர் என்றால் கடைசிக் கறுப்புப் பந்து. பூல் என்றால் கடைசி ஒரு பந்து. இருபது வருடம் ஆடியவருக்கும் அதே, போன மாதம் சேர்ந்து கோலைத் தலைகீழாகப் பிடித்த சுங்க அதிகாரிக்கும் அதே. தடுமாறுகிறவனுக்குத் தடுமாறி, ஓடுகிறவனோடு ஓடி, எவனாக இருந்தாலும் அவனை நூறுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தான் தொண்ணூற்றேழில் நிற்க எப்பேர்ப்பட்ட கை வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி ஒருவருக்கொருவர் மறைத்திருக்காவிட்டால் முதல் வருடமே தெரிந்திருக்கும். எல்லோரும் தனுஷ்கோடியைப் பார்த்தார்கள்.

“மூணுதான்” என்றார் அவர். “பத்தொம்பது வருசமா.”

உள்ளே பந்து விளிம்பில் முட்டியது.

மறுநாளே கமிட்டி கூடியது. லிகோரியின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. செயலாளர்தான் விதியைச் சொன்னார். செத்தவரை மெம்பராக்கத் தீர்மானம் போட்டால் போதும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பலகையில் பெயர் வர, கிளப் மேசையில் ஒரு ஆட்டமாவது ஜெயித்திருக்க வேண்டும். “முப்பத்துநாலு வருசத்துல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, இப்பவே எழுதிருவோம்” என்றார். காட்ட ஒன்றுமில்லை. முடியாத ஆட்டம் ஒன்றுதான் இருந்தது. அன்றிலிருந்து சிவப்பு விழ வேண்டும் என்பது ஊரின் வேண்டுதலாகிவிட்டது. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி எரிந்தது, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைந்தது, தர்காவில் பாத்தியா ஓதினார்கள். பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் தனுஷ்கோடியின் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, எழுத்துகளை லேசாக வரைந்தும் வைத்தார்கள்.

ஜெசிந்தா ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்தாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். “கவலப்படாத தாயி, ஒங்கப்பா பேரு ஏறிரும்” என்று முன்பின் தெரியாதவர்கள் வந்து அவள் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டுவாள். அடக்கத்தன்று அவள் அழவில்லை என்று உறவுக்காரப் பெண்கள் குறையாகப் பேசிக்கொண்டார்கள். பந்து பையின் வாய்க்குப் போகிறபோது மற்றவர்கள் முன்னால் சாய்ந்தார்கள், அவள் மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அதைத் தனுஷ்கோடி கவனித்தார்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஷிப்டு முடிந்த பகல் இரண்டரை மணிக்கு அவள் தனியாக வந்தாள். தனுஷ்கோடியும் தனியாகத்தான் இருந்தார். தன்னுடைய முறை எப்போது வரும் என்று தெரியாததால் அவர் அனேகமாக எல்லா நாளும் அங்கேயே இருந்தார்.

“அண்ணாச்சி, அன்னைக்கி நீங்கதான எதுத்தாப்புல நின்னிய?”

“ஆமாம்மா.”

“அப்பா கோலு எங்கன பாத்து இருந்துச்சு?”

அவர் பந்தைப் பார்த்தார். அது நீளவாக்கில் போய்க்கொண்டிருந்தது. “எதுக்கும்மா கேக்க?”

அவள் சொன்னாள். தரகர் சொன்னது, அப்பா சிரித்தது, சோற்றை வைத்துவிட்டுத் தான் சொன்னது, அவர் வட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போனது எல்லாவற்றையும், எடைச் சீட்டு வாசிப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

“அவரு எப்பவும்போல விட்டுக்குடுத்து அடிச்சிருந்தா, அது அவரு ஆயுசு. அன்னைக்கி முடிஞ்சிச்சு, அவ்ளோதான். நான் சொன்ன சொல்லுக்காவ ஜெயிக்கணும்னு அடிச்சிருந்தா, அந்த வைராக்கியத்துலதான் நெஞ்சு நின்னுருக்கு. நாந்தான் கொன்னிருக்கேன். ஊரே விழணும் விழணும்னு கும்புடுது அண்ணாச்சி. நான் மட்டும் நிக்கணும்னு கும்புடுதேன். அப்பன் தோக்கணும்னு எந்த மவளாச்சும் வேண்டுவாளா?”

தனுஷ்கோடிக்குத் தெரியும். கோல் மூலைப் பையின் வாய்க்கு நேராக, இழுத்துக் கட்டிய நூல் போல நின்றது. பத்தொன்பது வருடத்தில் தொண்ணூற்றேழில் லிகோரியின் கோல் அப்படி நின்று அவர் பார்த்ததில்லை. அடி விழுந்ததும், தோற்றுவிட்டோம் என்று தெரிந்துபோய் அவருக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரு மார்க்கர் என்னை ஜெயிப்பதா என்று அந்த ஒரு நொடியில் நினைத்தார், அதற்குப் பிறகுதான் எதிரே இருந்தவர் சரிவது கண்ணில் பட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிச்சிச்சும்மா. சரியாப் பாக்கல” என்றார்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாரேன் அண்ணாச்சி” என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

ஆகஸ்டில் மாதா கோயில் தேர். அன்று சாதி மதம் பார்க்காமல் ஊரே தேருக்குப் போகும், அந்த வருடம் வேண்டுதலும் இருந்ததால் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள், சர்பத் வண்டிகூடப் போய்விட்டது. தனுஷ்கோடிக்கு முழங்கால் வீக்கம். கிளப்பில் அவரும் வாசலில் காவலாளியும்தான். தூரத்தில் மேளமும் வெடியும் கேட்டுக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு மேல், விளிம்பில் முட்டும் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் நீண்டது போல அவருக்குத் தோன்றியது. அடுத்தது இன்னும் நீண்டது. அவர் எழுந்து மேசைக்கருகே வந்தார். பந்து களைத்த மனிதன் வீட்டுக்குத் திரும்புவது போல வந்தது, எங்கேயும் சாயாமல் வந்தது, ஐந்து மாதத்துக்கு முன் தொட்டுத் திரும்பிய அதே மூலைப் பையின் வாயில் ஒரு கணம் தங்கி, உள்ளே விழுந்தது.

நூறு.

தனுஷ்கோடி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்குப் போய்க் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேரை விட்டுவிட்டு ஊர் இங்கே வந்துவிடும், இன்று சாயங்காலமே பென்சில் எழுத்துக்கு மேல் பொன் வண்ணம் ஏறிவிடும், இந்தக் கிளப் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரன் யார் என்ற கேள்வி இனி ஒருநாளும் எழாது. அந்தப் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக விரும்பியவர் யாரும் இல்லை. அவர் அப்படியே ரொம்ப நேரம் நின்றார். தேர் நிலைக்கு வந்துவிட்டதற்கான வெடிகள் கேட்டன. பிறகு அவர் குனிந்து, பைக்குக் கீழே தொங்கும் வலைக்குள் கைவிட்டு, கோழிக்கு அடியிலிருந்து எடுத்த முட்டை போல வெதுவெதுப்பாக இருந்த அந்தப் பந்தை எடுத்து, பையிலிருந்து ஒரு சாண் தள்ளித் துணியின் மேல் வைத்தார். கையை எடுத்தார். அது மற்றப் பந்துகளைப் போலச் சும்மா கிடந்தது.

வாசலுக்குப் போய், “நின்னுட்டு. எல்லாரையும் கூட்டியா” என்றார்.

தேரிலிருந்து கூட்டம் அப்படியே வந்தது. கழுத்தில் மாலையோடு வந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். செயலாளர் அளவுகோலால் அளந்து, எட்டே கால் அங்குலம் என்று எழுதிக்கொண்டார். டாக்டர் பால்துரை, “சண்டாளப் பாவி, செத்தும் விட்டுக்குடுத்துட்டானே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருவன் மட்டும், “அண்ணாச்சி ஒத்தையா இருக்கும்போதுதான் நிக்கணுமா?” என்று பின்னாலிருந்து சொன்னான். அதைப் பலரும் கேட்டார்கள். தனுஷ்கோடியும் கேட்டார்.

ஜெசிந்தா தேருக்குக் கட்டிய நீலச் சேலையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பந்துக்கும் பைக்கும் நடுவே தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள்.

“இவ்ளோ தள்ளியா?”

“ஆமாம்மா.”

“அப்ப அவருக்கு உள்ள போடணும்னு நெனப்பே இல்ல.”

“இல்லம்மா. அவரு என்னைக்கும் போலத்தான் அடிச்சாரு. அன்னைக்கி நான் நல்லாத்தான் பாத்தேன், ஒங்கிட்டதான் சொல்லல. கோலு பையப் பாத்தே இல்ல.”

அவள் மேசை விளிம்பில் நெற்றியை வைத்து, ஐந்து மாதத்து அழுகையை உரக்க அழுதாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், பெயர் ஏறாததற்காக அழுகிறாள் என்று நினைத்து அவர்களும் அழுதார்கள். அழுது ஓய்ந்தபோது அவள் முகம் காய்ச்சல் விட்டவள் முகம் போல இருந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். பந்து நின்றுவிட்டது, இப்போது முறை தனுஷ்கோடிக்கு, ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்றார். தனுஷ்கோடி மாட்டேன் என்று தலையாட்டினார்.

“ஆடுங்க அண்ணாச்சி” என்றாள் ஜெசிந்தா. “பாதியில விட்டா அவருக்குப் புடிக்காது.”

யாரோ கோலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோலைப் பிடிக்கத் தெரியாதவனும் போட்டுவிடக்கூடிய இடத்தில் சிவப்பு இருந்தது. மெம்பர்களுக்கு லிகோரி விட்டுவைப்பது போன்ற இடம். அங்கே வைத்தது தனுஷ்கோடிதான் என்றாலும், லிகோரியைப் போலவே வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குனிந்து அடித்தார். அது விழுந்தது. பாயிண்ட் சொல்ல மார்க்கர் இல்லாததால் அவரே சொல்ல வேண்டியிருந்தது.

“லிகோரி தொண்ணூத்தேழு. தனுஷ்கோடி நூறு.”

வழக்கப்படி கைதட்டினார்கள். சிலர் தட்டவில்லை. ஜெசிந்தா தட்டினாள். தனுஷ்கோடி நிமிர்ந்து அவளைப் பார்க்காமல், அன்று இரண்டாம் முறையாக அதே வலைக்குள் கைவிட்டுச் சிவப்புப் பந்தை எடுத்தார்.